தனியார் நிறுவனங்களைக் கைதூக்கிவிடும் அரசு: நாம் கேட்க வேண்டியது என்ன?



2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஆறு நாள் இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. செப்டம்பர் 9 அன்று, மறைமலை நகரிலும் குஜராத்தின் சானந்திலும் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு நிறுவனம் அறிவித்தது. செப்டம்பர் 15 அன்று, கடனில் மூழ்கித் தவித்த தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அமைச்சரவை ஒரு பெரிய சலுகைத் தொகுப்பை வழங்கியது. முதல் செய்தி நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் பல வீடுகளின் உலையைத் தொட்டது. இரண்டாவது செய்தி, நாளேடுகளின் வணிகப் பக்கத்தோடு நம் நினைவிலிருந்து நழுவிவிட்டது. நலிந்துபோகும் தனியார் நிறுவனத்தை மக்கள் பணத்தைக் கொண்டு அரசு தூக்கி நிறுத்தலாமா என்று கட்சிகள் வாதாடும்போது, இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது.

வோடஃபோன் ஐடியா நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை அரசுக்கு உரிமக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். எது வருமானம் என்பதில் நெடுங்காலம் வழக்கு நடந்தது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் கணக்கே சரி என்று தீர்ப்பளித்தது. இந்நிறுவனத்தின் நிலுவை 58 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2021 ஜூனில் அதன் தலைவர் குமார் மங்கலம் பிர்லா, தம் பங்குகளை அரசிடமே ஒப்படைத்துவிடத் தயார் என்று கடிதம் எழுதினார். அதன் பின்னரே செப்டம்பர் சலுகை வந்தது: நிலுவைகளைக் கட்ட நான்கு ஆண்டு அவகாசம், வட்டியைப் பங்குகளாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு. 2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் வட்டியும், 2025இல் அலைக்கற்றை நிலுவையில் 36,950 கோடி ரூபாயும் பங்குகளாயின. சந்தையில் ஏறத்தாழ 7 ரூபாய்க்கு விற்ற பங்கை அரசு 10 ரூபாய் விலையில் ஏற்றது. இன்று அந்நிறுவனத்தில் 49 விழுக்காடு அளவுக்கு அரசின் பங்கு உள்ளது. நிறுவனத்தை நடத்துவதோ பழைய உரிமையாளர்கள்தாம்.

இதை ஆதரிப்போர் சொல்வதைப் புறந்தள்ள முடியாது. இந்த நிறுவனமும் விழுந்தால் தனியாரில் ஜியோவும் ஏர்டெல்லும் மட்டுமே மிஞ்சும். ஏறத்தாழ 20 கோடி வாடிக்கையாளர்கள் அந்த இருவர் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். எதிர்ப்போர், இலாபம் வந்தால் முதலாளிக்கு, நட்டம் வந்தால் நாட்டுக்கா என்கிறார்கள். விந்தை என்னவென்றால், இடதுசாரிகளும் தடையற்ற சந்தையை விரும்புவோரும் இந்த ஒரு கேள்வியில் ஒரே அணியில் நிற்கிறார்கள்.

நமக்கோ ஏர்செல் நினைவுக்கு வருகிறது. தமிழகத்தில் 1999இல் தொடங்கிய நிறுவனம் அது. 2018 பிப்ரவரியில் ஒரு வாரத்துக்குள் அதன் சிக்னல் ஊர் ஊராக மறைந்தது. எண்ணை மாற்றிக்கொள்ளக் கடை வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். முன்கூட்டிப் பணம் கட்டி ரீசார்ஜ் வாங்கி வைத்திருந்த சிறு கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். அம்மாத இறுதியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தது. அதைத் தூக்கிவிட யாரும் முன்வரவில்லை. வேறு நிறுவனங்கள் இருக்கின்றனவே என்பது அன்றைய எண்ணம். இப்படி ஒவ்வொன்றாய் விழ விட்டபின், கடைசியாய் நிற்பவரை விழவிட முடியாத நிலை வந்தது. ஆகவே இந்தச் சலுகை, சந்தையைக் கவனியாமல் விட்டதற்கு நாம் கட்டும் அபராதமும் ஆகும்.

திருஅவையின் சமூகப் படிப்பினை இதில் ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் தருவதில்லை. 1991இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட 'நூறாம் ஆண்டு' சுற்றுமடலின் 48ஆம் எண், நலிந்த துறைகளுக்கு அரசு துணை நிற்கலாம் என்கிறது; ஆனால் அது விதிவிலக்காகவும் இயன்ற அளவு குறுகிய காலத்துக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் கடுமையாகப் பேசினார். 2015ஆம் ஆண்டின் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் 189ஆம் எண்ணை எடுத்துப் படியுங்கள். அமைப்பைத் திருத்தாமல், மக்களை விலை கொடுக்க வைத்து வங்கிகளைக் காப்பாற்றுவது, வந்த நோயை மீண்டும் வரவழைக்கும் என்பது அவருடைய கருத்து. செய்தித்தாள்கள் இதற்கு 'மீட்பு நிதி' என்று பெயர் வைத்திருக்கின்றன. மீட்பு என்ற சொல் நமக்கு எளிதாக வாயில் வருவதில்லை. அதனாலேயே யார் மீட்கப்படுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் நடந்ததை ஒரு பாடமாகக் கொள்ளலாம். 2008 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் நிறுவனங்களுக்கு அதிபர் புஷ் 17.4 பில்லியன் டாலர் அறிவித்தார். அடுத்து வந்த ஒபாமா, இன்னும் பணம் வேண்டுமானால் ஜெனரல் மோட்டார்ஸின் தலைமை அதிகாரி விலக வேண்டும் என்றார், அவர் விலகினார். அந்நிறுவனத்தின் பழைய பங்குதாரர்களுக்கு ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சவில்லை. 2013 டிசம்பரில் அரசு தன் கடைசிப் பங்கையும் விற்று வெளியேறியது. அதில் 10 பில்லியன் டாலருக்கு மேல் நட்டம்தான். புதிதாகச் சேர்ந்த தொழிலாளர்களும் குறைந்த கூலியை ஏற்க வேண்டியிருந்தது. ஆயினும் நிபந்தனை இருந்தது, கெடு இருந்தது. ஃபோர்டு அந்த மீட்பு நிதியை வாங்கவில்லை. ஆனால் போட்டியாளர்களுக்கு உதவும்படி அதன் தலைவரும் நாடாளுமன்றத்தில் பேசினார். உதிரிபாகம் செய்து தரும் நிறுவனங்கள் மூவருக்கும் பொதுவானவை. அவை சாய்ந்தால் ஃபோர்டும் சாயும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த அறிவு மறைமலை நகர் விவகாரத்தில் யாருக்கும் பயன்படவில்லை. பத்தாண்டுகளில் 2 பில்லியன் டாலருக்கு மேல் நட்டம் என்று கூறி ஃபோர்டு கதவை மூடியது. ஏறத்தாழ 2,600 நிரந்தரத் தொழிலாளர்கள் 2022 மே, ஜூன் மாதங்களில் போராடி இழப்பீட்டை உயர்த்திக்கொண்டார்கள். ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. ஒப்பந்தத் தொழிலாளர், உதிரிபாகப் பட்டறைகளில் வேலை செய்தோர், ஜி.எஸ்.டி. சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்தோர், சிங்கப்பெருமாள் கோவிலில் அறை வாடகைக்கு விட்டோர் எல்லாரும் எந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கும் அழைக்கப்படாதவர்கள். சானந்தில் நடந்தது வேறு. அங்கே ஆலையை டாடா நிறுவனம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. குஜராத் அரசும் சேர்ந்து கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி, தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு அங்கேயே வேலை தர ஒப்புக்கொள்ளப்பட்டது. அரசு பெரும்பணம் கொட்டாமலேயே, தொழிலாளியையும் கணக்கில் சேர்க்கும் ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுத வைக்கலாம் என்பதற்கு இது சான்று.

கடன் தள்ளுபடி பற்றி மேடைகளில் பேசப்படுவதிலும் சற்று நேர்மை வேண்டும். 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இதைத் 'தள்ளுபடி' என்று முழங்குவது சரியன்று. கணக்கிலிருந்து நீக்கினாலும் வசூலிக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. ஆனால் ஏழைக்கு இந்த நுணுக்கம் எப்போதாவது கிடைத்ததுண்டா? 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தபோது, கடன் ஒழுக்கம் கெட்டுவிடும் என்ற அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. அதைவிட அதிகமான தொகை ஒரே நிறுவனத்துக்குப் பங்காக மாற்றப்பட்டபோது அந்த அறிவுரையாளர்களில் பலரைக் காணோம். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள நம் மீனவக் குப்பங்களில், ஃபைபர் படகுக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடனில் நான்கு ஆண்டு அவகாசம் கேட்டுப் பாருங்கள்! கடல் சீறி ஒரு வாரம் தொழிலில்லை என்றாலும், மகளிர் குழுத் தவணை நாளன்று வாசலில் ஆள் நிற்பார். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் வரும் பணியாளரை நாம் அறிவோம். பத்தாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பெற்றவர், நூறு தெனாரியத்துக்காக உடன் பணியாளரின் கழுத்தை நெரித்தார். அரசர் மன்னித்ததை இயேசு குறை கூறவில்லை. இரக்கம் பெற்றவர் அதைக் கீழே கடத்தாததுதான் அங்கே குற்றம். நிறுவனங்களுக்கு அரசு காட்டும் இரக்கத்தையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

2025 அக்டோபர் 31 அன்று ஃபோர்டு மீண்டும் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் எஞ்சின் உற்பத்தி, 600 பேருக்கு வேலை, 2029இல் தொடக்கம் என்பது திட்டம். வரவேற்போம். புதிய முதலீட்டுக்கு அரசுகள் சலுகை தருவது வழக்கம். அச்சலுகைகள் எவை, எத்தனை ஆண்டுக்கு, ஆலை மறுபடியும் மூடப்பட்டால் அவற்றில் எவ்வளவு திரும்ப வரும், 2022இல் வேலை இழந்தோருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அந்த 600 இடங்களில் முன்னுரிமை உண்டா என்று நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிக் கேட்போம். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசி, எந்தக் கட்சிக்காரராயினும் சேர்ந்து கையொப்பமிட்டு அனுப்பலாம். 2029க்கு இன்னும் காலம் இருக்கிறது.