பாறைக்கும் ஆயுள் உண்டு

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் ஒரு பாறை வளைவு இடிந்து விழுந்தது. ‘வால் ஆர்ச்’ என்பது அதன் பெயர். அகலம் 20 மீட்டருக்கும் அதிகம். நடைபாதையை ஒட்டியே நின்றதால் அந்த வழியாகப் போன எல்லாருமே அதைப் படமெடுத்திருப்பார்கள். ஆனால் அது விழுந்ததைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. விடிந்தபோது பாதையில் கற்குவியல்தான் கிடந்தது.

கேமராவைத் தூக்கிக்கொண்டு நானும் அந்தப் பாலைவனத்தில் நடந்திருக்கிறேன். அங்குப் போக விரும்பும் இளையர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த லென்ஸ் கொண்டுபோகலாம்?” என்பதுதான். அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பு, அங்கே நாம் படமெடுக்கப்போவது எதை என்று தெரிந்துகொள்வது நல்லது.

உப்பும் பனியும் செய்த வேலை

அந்தப் பூங்காவில் 2,000க்கும் அதிகமான வளைவுகள் பதிவாகியுள்ளன. பாறையில் உள்ள திறப்பு ஏறத்தாழ ஒரு மீட்டராவது இருந்தால்தான் வளைவு என்று கணக்கில் சேர்ப்பார்கள்.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்த கடல் வற்றி, தடிமனான உப்புப் படுகையை விட்டுச் சென்றது. அதன்மேல் மணல் படிந்து பாறையானது. பாரம் தாங்காமல் அடியிலிருந்த உப்பு நகர, மேலிருந்த மணற்பாறையில் வரிசை வரிசையாக விரிசல் விழுந்தது. பாறை மெல்லிய சுவர்களாகப் பிரிந்தது. மழைநீர் இடுக்குகளில் இறங்கி, மணலைப் பிடித்துவைத்திருக்கும் பசையைக் கரைக்கிறது. குளிர்காலத்தில் அதே நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கிறது. சுவரில் ஓட்டை விழுகிறது. ஓட்டை பெருகி வளைவாகிறது. அந்த வேலை அத்தோடு நிற்பதில்லை. வளைவை உண்டாக்கியதே ஒருநாள் அதை வீழ்த்தியும் விடுகிறது.

பூங்காவிலேயே நீளமான ‘லேண்ட்ஸ்கேப் ஆர்ச்’ சுமார் 93 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு காற்பந்துத் திடலின் நீளம். 1991ல் அதன் அடிப்பகுதியிலிருந்து பெரிய பாறைத்துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன் பிறகு வளைவுக்கு அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது தள்ளி நின்றுதான் பார்க்கலாம்.

புக்கிட் தீமா ஏறியவர்களுக்கு

யூட்டா மாநில வாகன எண் பலகையில் இடம்பெற்றிருப்பது ‘டெலிகேட் ஆர்ச்’. போகவும் வரவும் சேர்த்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடை. ஏற வேண்டிய உயரம் நமது புக்கிட் தீமா குன்றின் உயரத்துக்குச் சற்றேறக்குறைய சமம். “அவ்வளவுதானா?” என்று நினைத்துவிடாதீர்கள். வழியில் நிழல் தர மரம் கிடையாது. நம் ஊரில் வியர்வை சட்டையில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் குடி என்று நினைவூட்டும். அங்கு வியர்த்த உடனே காய்ந்துவிடும். உடல் நீரை இழப்பதே தெரியாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது கையில் இருக்க வேண்டும். கோடையில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பிள்ளைகளோடு போவதென்றால் ஏப்ரல், மே அல்லது அக்டோபர் மாதம் ஏற்றது.

வளைவை நெருங்கும்போது பாதை பாறை விளிம்பை ஒட்டிப் போகும். சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது இருட்டிவிடும் என்பதால் தலையில் மாட்டும் விளக்கும் அவசியம்.

மாலையில்தான் அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும். சூரியன் சாயச் சாய, மணற்பாறை மஞ்சளிலிருந்து செம்மைக்கு மாறும். சாதாரண 24-70 லென்ஸ் போதும். கைப்பேசியும் போதும், திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் நிறம் வெளிறாது. வளைவுக்கு அடியில் யாரும் இல்லாத நேரத்துக்காகப் பலர் காத்திருப்பார்கள். நான் ஒரு ஆளை நிற்கவைத்தே எடுப்பேன். வளைவின் உயரம் சுமார் 16 மீட்டர், அதாவது ஐந்தாறு மாடி வீவக புளோக் அளவு. மனிதர் நின்றால்தான் அது படத்தில் தெரியும்.

காலை வெளிச்சத்துக்கு, பக்கத்தில் உள்ள கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ‘மேசா ஆர்ச்’. நடை ஒரு கிலோமீட்டர்தான். பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் அந்த வளைவின் அடிப்பகுதி, உதயத்தின்போது கீழே உள்ள செம்பாறையில் பட்டுத் திரும்பும் ஒளியால் தணல்போலச் சிவக்கும். அகன்ற கோண லென்ஸ் வேண்டும். விடியுமுன்பே முக்காலிகள் தோளோடு தோள் உரச நிற்கும். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் நான்கைந்து படங்கள் எடுத்ததும் முக்காலியை மடக்கி, சைகையால் என்னை முன்னே வரச் சொன்னார். அந்தச் சிவப்பு சில நிமிடங்கள்தான் இருக்கும். அதில் பாதியை முகம் தெரியாதவருக்குக் கொடுத்தார்.

படத்துக்கு என்ன விலை?

எல்லாரும் அப்படி இருப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் புகைப்படக் கலைஞர் ஒருவர் இரவுப் படத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்று டெலிகேட் ஆர்ச்சின் அடியில் தீ மூட்டினார். பாறையில் கறை படிந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போனது.

நாம் தீ மூட்டமாட்டோம். ஆனால் நல்ல கோணம் தேடிப் பாதையை விட்டு இறங்குவோம். அங்கே மண்ணின் மேல் கருப்பாக, மேடுபள்ளமாகத் தெரிவது வெறும் அழுக்கல்ல. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து உருவாக்கிய உயிருள்ள மண்தோல். மண் காற்றில் பறக்காமல் காப்பது அதுதான். ஒரு காலடி பட்டு நொறுங்கினால் மீண்டும் வளரப் பல ஆண்டுகளாகும். பாதையிலும் வெறும் பாறையிலும் மட்டும் கால் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாறையில் பெயர் கீறுவதும் வளைவின்மேல் ஏறுவதும் கூடவே கூடாது.

டெலிகேட் ஆர்ச் கரையாமல் இருக்க அதன்மேல் நிறமற்ற பிளாஸ்டிக் பூச்சுப் பூசலாமா என்று 1950களில் பூங்கா நிர்வாகம் யோசித்தது. பிறகு அது நடைமுறைக்கு ஒத்துவராது, இயற்கையை அதன் போக்கில் விடும் கொள்கைக்கும் பொருந்தாது என்று கைவிட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அது விழும் நாளை மழையும் பனியும் முடிவு செய்யட்டும். என் படத்துக்காக அந்த நாள் ஒரு மணி நேரம்கூட முந்தி வந்துவிடக் கூடாது.