மூன்றாண்டுப் பூட்டு

2012 டிசம்பர் 16 இரவு, டெல்லியின் முனிர்கா பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாணவியும் நண்பரும் ஏறிய பேருந்தில் அவள்மீது நடந்த கூட்டு வன்புணர்வு நாட்டின் சட்டத்தையே மாற்றியது. சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 29 நாட்களில் அறிக்கை தந்தது. 2013 குற்றவியல் சட்டத் திருத்தம் பாலியல் சீண்டலையும் பின்தொடர்தலையும் தனிக் குற்றங்களாக்கியது. ஆனால் ஒரு பூட்டு திறக்கப்படவே இல்லை. மூன்றாண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்குக் கால வரம்பு கிடையாது. சீண்டலுக்கும் முதல்முறைப் பின்தொடர்தலுக்கும் உச்ச தண்டனை சரியாக மூன்றாண்டு. அதனால் குற்றம் நடந்து மூன்றாண்டு கழித்துப் புகார் தந்தால், வழக்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது. வேலையை, வாடகை அறையை, வீட்டாரின் வாயை அஞ்சி வாய்மூடியிருக்கும் பெண்ணுக்கு மூன்றாண்டு ஒன்றுமே இல்லை.

வரம்பை நீக்கினால் சாட்சியம் மங்கிவிடும், பொய்ப் புகார் பெருகும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் சந்தேகத்தின் பலன் எப்போதும் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. அதை எடைபோட நீதிமன்றம் இருக்கிறது. பழைய சாட்சியத்தையும் அது எடைபோடும்: 1984 டெல்லி சீக்கியர் படுகொலை வழக்கில் அரசியல்வாதி சஜ்ஜன் குமாருக்கு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018-இல், 34 ஆண்டுகள் கழித்து. தாமதத்தை மன்னிக்க குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 519-ஆம் பிரிவு இருக்கிறதே என்றால், ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்ற விளக்கச் சுமை புகார் தரும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. இவ்விரு குற்றங்களையும் அதே சட்டத்தின் 514-ஆம் பிரிவு விதிக்கும் கால வரம்பிலிருந்து நாடாளுமன்றம் விலக்க வேண்டும்.