திருவுளச் சீட்டும் இரட்டைப் பிரசாவுரிமையும்

பிரசாவுரிமை என்பது உரிமைகளையும் கடமைகளையும் ஒருங்கே கொண்டதென்பர். இதனை மறுப்பாரிலர். ஆயின் அக்கடமைகளுள் மிகக் கடுமையானதாகிய இராணுவ சேவையை, ஒரு நாட்டில் என்றுமே வாழ்ந்திராத இளைஞன்மீது, அவனுடைய தாயோ தந்தையோ அந்நாட்டவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சுமத்துவது நீதியாகுமா? தாய்லாந்து தன் புலம்பெயர்ந்த மக்களின் புதல்வர்களிடம் இன்று எதிர்பார்க்கும் கடமை இத்தகையதே. படைக்கடமை இரத்தத்தைப் பின்தொடரலாகாது. மனிதன் வாழும் வாழ்க்கையையே பின்தொடர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டத்தை நோக்குவோம். மன்னர் சுலலாங்கோன் காலத்தில், 1905ஆம் ஆண்டில், கட்டாயப் படைச்சேவை அந்நாட்டிற் சட்டமாயிற்று. இன்று நடைமுறையிலிருப்பது 1954ஆம் ஆண்டின் இராணுவ சேவைச் சட்டம். 2017ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் தனது 50ஆம் பிரிவில் இக்கடமையை வலியுறுத்துகின்றது. பிறப்பால் தாய்லாந்துப் பிரசையான ஒவ்வோர் ஆணும் பதினேழு வயதை நிறைத்துப் பதினெட்டில் அடியெடுத்து வைக்கும் ஆண்டில் தன் பெயரைப் பதிய வேண்டும். இருபத்தொரு வயதை எட்டும் ஆண்டில் ஆட்சேர்ப்புக்குச் சமுகமளிக்க வேண்டும். ஏப்பிரல் மாதத்தில் நடைபெறும் அந்நிகழ்வில், தொண்டர்களால் நிரப்பப்படாத இடங்களுக்குத் திருவுளச் சீட்டு எடுக்கப்படுகின்றது. கறுப்புச் சீட்டு வந்தால் வீடு. சிவப்புச் சீட்டு வந்தால் படைமுகாம். சமுகமளியாது தப்பியவருக்கு மூன்று ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டம் இடமளிக்கின்றது.

வேறொரு நாட்டின் பிரசாவுரிமையும் உடையவன் என்பது இக்கடமையினின்று ஒருவனை விடுவிப்பதில்லை. இங்கேதான் வரலாற்றின் ஒரு முரண் வெளிப்படுகின்றது. 1965ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ், அயல்நாட்டவரை மணந்து வெளிநாட்டில் வாழ்ந்த தாய்லாந்துப் பெண் தன் பிள்ளைக்குத் தன் நாட்டுப் பிரசாவுரிமையை வழங்க இயலாதிருந்தது. ஆணுக்கிருந்த அவ்வுரிமை பெண்ணுக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1992ஆம் ஆண்டின் திருத்தமே இவ்வநீதியை நீக்கியது. ஜேர்மனியிலும் சுவீடனிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் தாய்லாந்துத் தாய்மாரின் பிள்ளைகள் தாய்வழியே பிரசைகளாயினர். வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆயின் அதே திருத்தம் அத்தாய்மாரின் புதல்வர்களைப் படைச்சேர்ப்புச் சட்டத்தின் எல்லைக்குள்ளும் கொண்டுவந்தது. தாய்க்குக் கிடைத்த உரிமை மகனுக்கு விலங்காக மாறுவதை எந்த நீதியின் பெயரால் நியாயப்படுத்துவது?

நடைமுறை இதனினும் சிக்கலானது. மாவட்டக் காரியாலயம் இளைஞனை அறிவது வீட்டுப் பதிவேட்டின் மூலமே. வெளிநாட்டிற் பிறந்து, அப்பதிவேட்டில் இடம்பெறாதவனைத் தேடி அழைப்பாணை செல்வதில்லை. ஆனால் தாயகத்தோடு உறவு கொள்ள விரும்புபவன் எவனோ, அவன் அப்பதிவேட்டிற் பெயரைச் சேர்க்கவும் அடையாள அட்டை பெறவும் வேண்டியவனாகின்றான். பொதுவாக அயல்நாட்டவர் தாய்லாந்தில் நிலம் உடைமையாக்க இயலாதாகையால், பாட்டனின் வயலைக் காக்க விரும்பும் பேரனுக்கும் இவ்வாவணங்கள் இன்றியமையாதன. எனவே தாயகத்தை மறந்தவனை இச்சட்டம் தீண்டுவதில்லை; நேசித்து வருபவனையே பற்றுகின்றது. தேசபக்தியை வளர்க்கவென்று கூறப்படும் சட்டம் தேசத்தைத் துறப்பவனுக்குப் பரிசளிப்பதை என்னென்பது!

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்கள் மூன்று. பிரசாவுரிமையின் பயனைத் துய்ப்பவன் அதன் சுமையையும் தாங்க வேண்டும் என்பது முதலாவது. மேலோட்டமாக நோக்கின் இது சரியே. ஆயின் படைச்சேவை என்பது ஒரு சமூகம் தன் உறுப்பினனுக்கு அளித்த பாதுகாப்புக்கும் கல்விக்கும் வாழ்வுக்கும் ஈடாகக் கேட்கப்படுவது. பிராங்போட்டில் பிறந்து அங்கேயே கற்று உழைத்து வரி செலுத்துபவனுக்கு அவற்றை அளித்தது தாய்லாந்து அன்று. இதனை உலகம் முன்னரே உணர்ந்துள்ளது. 1930ஆம் ஆண்டில் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையொன்று, இரு நாட்டுப் பிரசாவுரிமையுடையோன் தான் வழமையாக வதிவதும் மிக நெருங்கிய தொடர்புடையதுமான நாடு தவிர்ந்த மற்றைய நாட்டின் இராணுவக் கடமையினின்று விடுவிக்கப்பட வேண்டும் என வகுத்தது. 1997ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பிரசாவுரிமைச் சாசனமும் ஒருவன் ஒரு நாட்டுக்கு மட்டுமே படைக்கடமை ஆற்ற வேண்டும் என்ற அடிப்படையை ஏற்றது. வதிவிடமே அளவுகோல் என்பது புலம்பெயர்ந்தோர் கேட்கும் புதுச்சலுகையன்று, பழையதோர் அறம்.

விருப்பமில்லாதவன் பிரசாவுரிமையைத் துறக்கலாமே என்பது இரண்டாவது நியாயம். அயல்நாட்டுத் தந்தைக்குப் பிறந்தோர் இருபது வயது நிறைந்தபின் துறப்பதற்குச் சட்டம் வழிவகுத்துள்ளது உண்மையே. ஆனால் தாயின் மொழி, பாட்டியின் வீடு, மூதாதையர் நிலம் ஆகியவற்றோடுள்ள பிணைப்பை ஒரு படிவத்தில் கையொப்பமிட்டு அறுத்துவிடு, இன்றேல் படைமுகாமுக்கு வா என்று கூறுவது தெரிவன்று, நிர்ப்பந்தம். தன் பிள்ளைகளை இழப்பதற்கென்றே ஒரு நாடு கதவொன்றைத் திறந்து வைத்திருப்பது விவேகமுமன்று.

மூன்றாவது நியாயமே வலுவானது. ஈசான் பிரதேசத்து ஏழை விவசாயியின் மகன் சிவப்புச் சீட்டெடுத்து முகாமுக்குச் செல்கையில், வெளிநாட்டில் வசதியாக வாழ்பவனுக்கு விலக்களிப்பது அநீதியல்லவா என்று கேட்கின்றனர். இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. ஆயின் அநீதியின் வேர் எங்கேயுள்ளது? உயர்தரப் பாடசாலையில் மூன்றாண்டு இராணுவப் பயிற்சி பெற்றவன் சீட்டெடுக்க வேண்டியதில்லை. பட்டதாரி தானே முன்வந்தால் ஆறு மாதம். சீட்டில் அகப்பட்டால் ஓராண்டு. உயர்தரக் கல்வியை முடிக்க வசதியற்றவனுக்கோ, முன்வந்தாலும் அகப்பட்டாலும், இரண்டு ஆண்டுகள். பெட்டிக்குள் கையிடுமுன்னரே வர்க்கம் சீட்டெடுத்துவிடுகின்றது. வெளிநாட்டு இளைஞனைப் பிடித்துவருவதால் கிராமத்து இளைஞனின் சுமை ஒரு நாளேனும் குறையப்போவதில்லை.

அச்சுமையும் எத்தகையது? கட்டாயப் படையாட்கள் முகாம்களில் அடியும் அவமதிப்பும் பாலியல் துன்புறுத்தலும் அனுபவிப்பதைச் சர்வதேச மன்னிப்புச்சபை 2020ஆம் ஆண்டில் அறிக்கையாக வெளியிட்டது. அதிகாரிகளின் இல்லங்களில் அவர்கள் ஏவலாளராகப் பயன்படுத்தப்படுவது பாராளுமன்றம்வரை பேசப்பட்ட செய்தி. சட்டைக்கு மினுக்குப் போடுவதும் நாட்டைக் காக்கும் பணியாமோ?

2018ஆம் ஆண்டு ஏப்பிரலில், தென்கொரியாவிற் புகழ்பெற்ற தாய்லாந்துப் பாடகர் பாம்பாம் ஆட்சேர்ப்புக்காகப் பாங்கொக் திரும்பினார். தொண்டர்களால் இடங்கள் நிரம்பிவிட்டமையாற் சீட்டெடுக்காமலே விடுவிக்கப்பட்டார். ஓர் இளைஞனின் வாழ்வில் இரு ஆண்டுகள், அன்று காலை அவனுடைய பிரிவில் எத்தனைபேர் முன்வந்தனர் என்பதிலே தங்கியுள்ளன. புகழும் பொருளும் உடையவர் வந்து திரும்புவார். ஸ்டொக்ஹோம் உணவகத்திற் பாத்திரம் கழுவிப் படிக்கும் மாணவன், தொழிலையும் படிப்பையும் பணயம் வைத்து அச்சூதாட்டத்துக்குச் செல்வது எங்ஙனம்?

2025ஆம் ஆண்டு ஜூலையிற் கம்போடியாவுடன் எல்லையில் மோதல் மூண்டதைச் சுட்டிக்காட்டி, இது சலுகை பேசும் காலமன்று எனச் சிலர் கூறக்கூடும். ஆயின் கட்டளையின் மொழியையே அறியாத ஒருவனைச் சீட்டின்மூலம் வரிசையில் நிறுத்துவது எவ்வகைப் பாதுகாப்பு? படைக்கு வேண்டியது பயிற்சியும் விருப்பமும் உடையோர். தண்டனைக்கு அஞ்சி வந்தோர் அல்லர்.

மாற்றத்துக்கான குரல் அந்நாட்டினுள்ளேயே எழுந்துள்ளது. கட்டாயச் சேர்ப்பை ஒழிப்போம் என்ற கட்சி 2023ஆம் ஆண்டுத் தேர்தலில் மிகுதியான ஆசனங்களை வென்றது. ஆயினும் ஆட்சி அதற்குக் கிட்டவில்லை. 2024இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அக்கட்சியையே கலைத்தது. அதே ஆண்டு ஏப்பிரலில், சுலலாங்கோன் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் முன்னாள் தலைவர் நெதிவித் சோதிபத்பைசால், ஆட்சேர்ப்பு நிலையத்துக்கு நேரிற் சென்று, மனச்சாட்சியின் பெயரால் மறுப்புத் தெரிவித்தார். ஓடி ஒளிந்தவரல்லர் அவர், நின்று மறுத்தவர். அவரைக் கோழை என்பவர் வீரம் யாதென அறியார்.

ஆகவே கோரவேண்டியவை தெளிவானவை. வெளிநாட்டில் வழமையாக வதியும் இரட்டைப் பிரசைக்கு, வதிவிடத்தைச் சான்றாகக் கொண்டு, தூதரகத்தின் வழியாகவே படைக்கடமையினின்று விலக்குக் கிடைக்க வேண்டும். தாயகத்திலே நிலையாக வாழ அவன் திரும்பும்போது அங்குள்ளோர்க்குரிய கடமை அவனுக்கும் உரியதாகட்டும். அக்கடமையும், ஈசானின் ஏழைக்கும் பாங்கொக்கின் செல்வனுக்கும் ஒன்றுபோலவே, தொண்டர் சேவையாக மாற்றப்படல் வேண்டும். விலக்கு மட்டும் கேட்டு நிற்கும் புலம்பெயர்ந்தோர் தம் நலத்தையே நாடியோர் ஆவர். இரண்டையும் சேர்த்துக் கேட்பாராயின், கிராமத்து இளைஞனும் அவர்களோடு நிற்பான்.