சிகரெட் அட்டைக்கு ஒரு மியூசியம்

சிகரெட் பாக்கெட்டுக்குள் படம் வந்தது கலை ஆர்வத்தால் அல்ல. 1880-களில் அமெரிக்காவில் சிகரெட்டை மெல்லிய காகித உறையில் போட்டு விற்றார்கள். சட்டைப்பையில் வைத்தால் நசுங்கிவிடும். அதற்காக உள்ளே ஒரு துண்டு அட்டையைச் செருகினார்கள். அதை ஏன் வெறுமனே விடுவானேன் என்று படம் அச்சடித்தார்கள். பறவைகள், நாட்டுக் கொடிகள், நடிகைகள், பேஸ்பால் வீரர்கள் என வரிசை வரிசையாக வந்தன. வரிசையை முடிக்க வேண்டுமானால் அதே சிகரெட்டையே திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். எப்பேர்ப்பட்ட வியாபார மூளை!

படங்கள் சாதாரணமானவை அல்ல. கல்லில் வரைந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து அச்சிடும் முறை அது. சின்னஞ்சிறு அட்டையில் ஒரு பறவையின் இறகு இறகாகத் தெரியும். பெரும்பாலானவற்றில் வரைந்தவரின் பெயர் மட்டும் இருக்காது. காபி, சோப்பு, மிட்டாய், சூயிங்கம் கம்பெனிகளும் இப்படி லட்சக்கணக்கில் அட்டைகளைக் கொடுத்தன. பார்த்தார்கள், சிரித்தார்கள், குப்பையில் போட்டார்கள்.

போடாத ஒருவர் ஜெபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில், மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகங்களைப் பொருத்தும் தொழிலாளி. 1900-ல் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய சம்பளமும் இல்லை. சிறுவயதில் தொடங்கிய அட்டை சேர்க்கும் பழக்கத்தை அவர் விடவே இல்லை.

சேர்ப்பவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பர்டிக் செய்த பெரிய காரியம், அவற்றை ஒழுங்குபடுத்தியது. எந்தப் பொருளுடன் வந்தது, எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் கொடுத்தார். 1939-ல் அதைப் பட்டியலாக வெளியிட்டார். 20-ம் நூற்றாண்டு புகையிலை அட்டைகளுக்கு ‘டி’. இன்று உலகிலேயே அதிக விலை பெறும் அட்டைகளில் ஒன்றான ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் அட்டையை ‘டி206’ என்று ஏலக்காரர்கள் அழைப்பது அவர் வைத்த எண்ணால்தான். 2022-ல் அதில் ஒரு பிரதி 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

பர்டிக் தன் அட்டைகளை விற்கவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை மியூசியத்துக்கு 1947 முதல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார். ரெம்பிராண்ட் ஓவியங்கள் இருக்கும் இடத்தில் சிகரெட் அட்டையா? அச்சுப் படங்கள் பிரிவின் தலைவர் ஹயாட் மேயர் வாங்கிக்கொண்டார். அந்த மனிதரையும் பாராட்ட வேண்டும்.

ஆனால் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் வகை பிரித்து ஆல்பத்தில் ஒட்ட வேண்டுமே! அதற்கு விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்கோ முப்பது வயதை ஒட்டித் தொடங்கிய மூட்டுவாதம் முற்றியிருந்தது. விரல்கள் மடங்கிப்போயின. வேலையை விட்டுவிட்டு நியூயார்க்குக்கே குடிவந்து, மியூசியத்தின் ஒரு மூலையில் சின்ன மேஜை போட்டு உட்கார்ந்தார். அந்தக் கைகளால் ஒவ்வோர் அட்டையாக எடுத்து ஒட்டினார். இன்றைய சேகரிப்பாளர்கள் பசை என்றாலே அலறுவார்கள். பசை தொட்டால் அட்டையின் விலை போய்விடும். விலையைப் பற்றி அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

1963 ஜனவரி 10 மாலை கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். சிரமப்பட்டு கோட்டை மாட்டிக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மார்ச் 13-ல் காலமானார்.

அந்த ஆல்பங்கள் இன்றும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. ஆயிரக்கணக்கான படங்களை மியூசியத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். தேடும் இடத்தில் பர்டிக்கின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் போதும். பறவை வரிசையிலிருந்து தொடங்குங்கள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் இறகு தெரியும்.