ஆர்டருக்கு 3 டாஸ்க்... ஸாப்பியரிலிருந்து மாறும் முன் கவனிங்க!

கடையின் வெப்சைட்டில் ஓர் ஆர்டர் விழுகிறது. உடனே கூகுள் ஷீட்டில் ஒரு வரி ஏறுகிறது, வாடிக்கையாளருக்கு மெயில் போகிறது, பேக்கிங் செய்பவருக்கும் தகவல் போகிறது. யாரும் கை வைக்கவில்லை. பல சிறு நிறுவனங்களில் ஸாப்பியர் பார்க்கும் வேலை இதுதான்.

சிக்கல் பில்லில் வரும். ஸாப்பியர் ஒவ்வொரு செயலையும் தனி 'டாஸ்க்' என எண்ணும். மேலே சொன்ன ஆர்டருக்கு 3 டாஸ்க். மாதம் 1,000 ஆர்டர் என்றால் 3,000. பெர்லின் நிறுவனமான என்8என், தொடக்கம் முதல் முடிவு வரை ஓடுவதை ஒன்றாகவே எண்ணும். அங்கே அதே கணக்கு 1,000 தான். சொந்த சர்வரில் போட்டுக்கொண்டால் அந்த எண்ணிக்கையும் கிடையாது. ஆனால், நள்ளிரவில் சர்வர் படுத்தால் எழுந்து பார்ப்பதும் நீங்கள்தான்!

இதைப் பார்த்ததும் ஒரே ராத்திரியில் மாறத் தோன்றும். வேண்டாம். ஸாப்பியரில் செய்து வைத்ததை என்8என்-ல் அப்படியே இறக்க முடியாது; ஒவ்வொன்றையும் புதிதாக அமைக்க வேண்டும். மொத்தம் எத்தனை ஓடுகின்றன என்பதே பல டீம்களுக்குத் தெரியாது. வேலையை விட்டுப் போனவரின் மெயில் ஐடியில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவையும் இருக்கலாம். முதலில் அவற்றைத் தேடுங்கள்.

புதியதைப் போலி ஆர்டர் போட்டே சோதியுங்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் வாடிக்கையாளருக்கு ஒரே மெயில் இரண்டு முறை போகும். அதையாவது அவர் போன் போட்டுச் சொல்லிவிடுவார். பழையதை அணைத்துவிட்டு, வெப்சைட்டில் தகவல் போய்ச்சேரும் 'வெப்ஹூக்' முகவரியை மாற்ற மறந்தால், ஆர்டர் பேக்கிங்குக்கே போகாது. பணம் கட்டியவர் பார்சலுக்காகக் காத்திருப்பார். கடையில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

ஆர்டர் குறைவாக வரும் நாளில், ஒரு வேலையை மட்டும் முதலில் மாற்றுங்கள். பழையதை அணைத்து வையுங்கள், அழிக்காதீர்கள்.