பட்டத்திற்கு முன்னே ஆராய்ச்சியா?



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் நம் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் என்னிடம் வந்தார். விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்டக் கூலிக்குச் செல்பவர். அவருடைய மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தாவரவியல் பயில்கிறாள். நம் திராட்சைத் தோட்டத்து மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைக் கோடை விடுமுறையில் ஆராயப் பேராசிரியை அவளை அழைத்திருக்கிறார்.

“சாமி, இரண்டு மாதம் எங்களோடு வேலைக்கு வந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணம் தேறும். பட்டமே வாங்காத பிள்ளைக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்றார்.

நியாயமான கேள்விதான். 1928ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்றார். தாம் கற்றிருந்த அணுக்கொள்கை பழையதாகிவிட்டது என்பதை அன்றுதான் அறிந்தார். சோமர்ஃபெல்டு, அச்சேறாத தம் கட்டுரையொன்றை அவரிடம் கொடுத்தார். அதனைக் கற்றுச் சந்திரசேகர் எழுதிய ஆய்வுரையை 1929இல் இலண்டன் இராயல் கழகம் வெளியிட்டது. அப்போது அவர் பட்டம் பெறவில்லை. 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால், அவர் சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். எளியோர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறப்பவர் யார்?

1939 முதல் சென்னை இலயோலாக் கல்லூரியில் கணிதம் கற்பித்த பிரெஞ்சு சேசு சபைக் குரு சார்லஸ் ரசீன், பாடத்திட்டத்திற்கு அப்பால், ஐரோப்பாவில் அன்று வளர்ந்துவந்த புதிய கணிதத்தை மாணவர்க்கு அறிமுகம் செய்தார். வட ஆர்க்காட்டு உழவர் குடும்பத்துப் பிள்ளை நரசிம்மன் அவரிடம் பயின்று, 1953இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். உடன்பயின்ற சேஷாத்திரியோடு 1965இல் அவர் வெளியிட்ட தேற்றம் இருவர் பெயராலும் உலகெங்கும் வழங்குகிறது.

எல்லாரும் அவ்வாறு ஆவதில்லை. ஆயினும், மண்ணைச் சோதித்து, எதிர்பார்த்த விடை வராமல் மீண்டும் சோதிக்கும் பிள்ளை, நூலில் இல்லாததையும் தன் உழைப்பால் கண்டறியலாம் எனும் துணிவைப் பெறுகிறாள். தேர்வுக்கு மனப்பாடம் செய்வது அத்துணிவைத் தராது.

நம் நாட்டின் அறிவியல் கழகங்கள் மூன்று இணைந்து, கோடையில் இரண்டு மாத ஆய்வுப் பயிற்சியை உதவித்தொகையுடன் அளித்து வருகின்றன. அதற்கு விண்ணப்பிக்கும்படி உங்கள் பிள்ளைகளைத் தூண்டுங்கள். ஊதியமற்ற ஆய்வோ வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே எட்டும். கூலியை இழந்து கல் என்று ஏழையிடம் சொல்வது நீதியன்று.

ஆகவே அம்மகளின் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைப் பங்குப் பேரவை ஏற்கும் என்று அத்தந்தையிடம் கூறினேன். மகளை அனுப்ப இசைந்தார். அடுத்த கோடையில் வேறொரு வீட்டுப் பிள்ளை வந்து நிற்கும்போது, அக்கட்டணத்தை ஏற்க உங்களுள் யார் முன்வருவீர்?