பதினெட்டுக்கு முன்னால்



2025 பெப்ரவரியில் உங்கட ஃபோனுக்கும் அந்தப் படம் வந்திருக்கும். மாயா ராஜேஷ்வரன் ரேவதி, கோயம்புத்தூர், வயது 15. மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. 125 டெனிஸ் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி அரையிறுதி வரைக்கும் போனார். எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுவில் மட்டும் ஆறு தடவை வந்தது. 'எங்கட தமிழ்ப் பிள்ளை' எண்டு பெரியப்பா கொடியெல்லாம் போட்டார். (தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரோடு அம்மா பெயரையும் வைத்திருக்கிறாரே, அதைப் பற்றி பெரியப்பா ஒண்டும் சொல்லேல்ல.) அரையிறுதியில் மாயாவை வென்ற சுவிஸ் வீராங்கனை யில் டைக்மன், 2019இல் எங்கட பலெர்மோவில் கோப்பை எடுத்தவர் என்று சொன்னது என் தங்கச்சி. அவளுக்கு வயது 15. இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

நாங்கள் இருக்கிறது வுச்சீரியாவில். நடக்கவே நடக்காத காரியத்துக்கு பலெர்மோக்காரர் ஒரு சொல் வைத்திருக்கினம்: 'வுச்சீரியாக் கல்லு காயேக்க பார்ப்பம்.' மீன்கடை ஐஸ் உருகி, சந்தைத் தரை எப்பவும் ஈரமாய்க் கிடந்த காலத்துச் சொல் அது. இப்ப கல்லு காய்ந்துவிட்டது. ரெனாத்தோ குத்தூசோ 1974இல் வரைந்த அந்தச் சந்தையைப் பார்க்கவேணும் என்றால் ஓவியத்தில்தான் பார்க்கவேணும். பகலில் நாலைந்து கடை, இரவில் முழுக்க பார். விடியக்காலமை உடைந்த போத்தில் கண்ணாடியைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, ஒரு சுவரில் பந்து அடித்துத்தான் தங்கச்சி பழகினாள். பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியை பார்த்துவிட்டு, தெரிந்த ஒரு கிளப்பில் பாதிக் கட்டணத்துக்குச் சேர்த்துவிட்டா. அம்மா வீடுகள் துப்பரவாக்கப் போறவ. அவ போற வீடொன்றின் பின்வளவில் ஒரு டெனிஸ் கோர்ட்டே இருக்கு. அதையும் அம்மாதான் கூட்டுறா.

மாயாவைப் பற்றி வந்த எல்லாச் செய்தியிலும் திறமை, உழைப்பு, கனவு என்று இருந்தது. மயோர்க்காவில் ரஃபா நடால் அக்கடமியில் பயிற்சி என்றும் இருந்தது. யார் காசு கட்டுறது என்ற கேள்வியை எங்கட குழுவில் ஒருத்தரும் கேட்கவில்லை. மாயாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்தப் பிள்ளையின்ர கை வலு எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு டெனிஸ் வாழ்க்கையின் முதல் நாலைந்து வருடம் என்பது முக்கால்வாசி காசுக் கணக்கு. தொழில்முறைப் போட்டிகளில் ஆகக் கீழ்ப்படியில் மொத்தப் பரிசே 15,000 டொலர். அதை ஒற்றையரில் 32 பேரும் இரட்டையரும் பிரிக்கவேணும். முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வாறது ஏறக்குறைய 150 டொலர். விமானம், அறை, சாப்பாடு, ரக்கெட்டுக்கு நரம்பு கட்டுறது எல்லாம் சொந்தச் செலவு. கோச்சையும் கூட்டிப்போனால் எல்லாம் இரட்டிப்பு. இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரராக இருந்தபோதே, 2023இல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கு என்று சுமித் நாகல் வெளிப்படையாகச் சொன்னார். முதல்நிலை வீரருக்கே அந்த நிலை.

'டெனிஸ் பணக்காரர் விளையாட்டு, அதை விடு' என்று எங்கட கூட்டத்தில் ஒரு தோழர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் சம்பளம் இல்லாத, காயம் பட்டால் வருமானமும் இல்லாத தொழிலாளிகள். பெயருக்கு 'சுயாதீன ஒப்பந்தக்காரர்'. பொதி கொண்டுபோய்க் குடுக்கிற எங்கட பெடியளுக்கும் அதே பெயர்தானே? ஜோகோவிச்சும் பொஸ்பிசிலும் 2020இல் தொடங்கிய வீரர் சங்கம், 2025 மார்ச்சில் நியூயோர்க்கில் டெனிஸ் நிர்வாக அமைப்புகளுக்கு எதிராக வழக்குப் போட்டது. கோடீஸ்வரர் தொடங்கிய சங்கம் என்று சிரிக்கலாம். ஆனால் வழக்கில் பேசுபொருளாக இருப்பது, யாருடைய உழைப்பில் யார் காசு எடுக்கினம் என்பது.

இனி பலெர்மோவுக்கு வாறன். இதே ஊரில் 2007இல் பிறந்த ஃபெதெரிக்கோ சினா, 2025 மார்ச்சில் மயாமியில் வைல்ட் காட் பெற்று இறங்கி, ஏ.டி.பி. தொடரில் தன் முதல் வெற்றியை எடுத்தார். 18 வயதாக இன்னும் சில நாள் இருந்தது. தகப்பன் பிரான்செஸ்கோ சினாதான் கோச். 2015 யு.எஸ். ஓப்பன் இறுதிக்கு வந்த ரொபேர்ட்டா வின்சியைப் பயிற்றுவித்தவர் அவர். நல்ல பெடியன், நல்ல ஆட்டம். இத்தாலிய டெனிஸ் சம்மேளனம் நாட்டுக்குள்ளேயே நிறையச் சிறு போட்டிகள் நடத்துவதால், இங்கத்தைப் பிள்ளைகள் தூரம் போகாமலே புள்ளி எடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. சோசலிசம் என்று சொல்லமாட்டன், ஆனால் தனி ஸ்பொன்சரை விட நல்லது.

மாயா 15, சினா 17. இந்த விளையாட்டில் எல்லாம் 18க்கு முன்னாலேயே தொடங்கிவிடுது. என் தங்கச்சி பலெர்மோவில் பிறந்தவள். 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி, 18 வயது வரைக்கும் இடைவிடாமல் சட்டபூர்வமாக இங்கே வாழ்ந்துவிட்டு, அதுக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள்தான் அவள் குடியுரிமை கேட்கலாம். அம்மா எடுத்தால் இவளுக்கும் கிடைக்கும். ஆனால் அதுக்கு பத்து வருட வதிவோடு வருமானக் கணக்கும் காட்டவேணும். அம்மாவின்ர வேலையில் பாதி கணக்கிலேயே இல்லை. கணக்கில் போடாதது வீட்டுக்காரர், தண்டனை தங்கச்சிக்கு. 2016இல் வந்த ஒரு சட்டம், பத்து வயதுக்கு முன்னமே இங்கே வதிகிற வெளிநாட்டுப் பிள்ளைகளை விளையாட்டுச் சம்மேளனங்களில் இத்தாலியப் பிள்ளைகளைப் போலவே பதிய விட்டது. நல்ல விசயம், அதனால்தான் இவள் உள்ளூரில் ஆடுறாள். ஆனால் தேசிய அணிக்கு அந்தப் பதிவு போதாது, பாஸ்போட் வேணும். வெளிநாட்டுக்குப் போகவும் அந்தப் பதிவு உதவாது.

துனீசியாவின் மொனஸ்தீரில் அந்த 15,000 டொலர் போட்டிகள் கிட்டத்தட்ட வாராவாரம் நடக்குது. துனிசுக்கு பலெர்மோத் துறைமுகத்திலிருந்து கப்பல் இருக்கு. எங்கட வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். இத்தாலியப் பிள்ளை டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறும். இலங்கைப் பாஸ்போட்டோடு இவள் விசாவுக்கு நிக்கவேணும். அதே கடலால் மற்றப் பக்கமிருந்து படகில் வாற ஆட்களை நினைத்தால் எங்கட சங்கடம் சின்னதுதான். ஆனால் பூட்டி வைத்திருக்கிறது ஒரே ஆட்கள்.

2025 ஜூன் 8, 9இல் நடந்த வாக்கெடுப்பில் பத்து வருடத்தை ஐந்தாகக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம். வாக்குப் போட வந்தது சுமார் 30 வீதம். பாதிப் பேராவது வந்திருக்கவேணும், செல்லுபடியாகவில்லை. அந்த இரண்டு நாளும் தங்கச்சி என்னோடு துண்டறிக்கை குடுத்தாள். எங்கட சனத்திலேயே கனபேர் 'எங்களுக்கு ஏன் இந்த வேலை' என்று கேட்டவை. அதே ஆட்கள்தான் மாயாவின்ர படத்தை அனுப்பினவை.

இப்ப ஒரு சங்கத்துக்காரர் வீட்டுக்கு வந்து, தங்கச்சிக்குக் காசு சேர்த்துத் தாறம் என்று சொல்லுகினம். ஒரு கண்டிசன்: அவள் இலங்கை என்று பதிந்து ஆடக்கூடாது. சர்வதேசப் போட்டியில் பாஸ்போட்டில் உள்ள நாடுதான் பெயருக்குப் பக்கத்தில் வரும். சிங்கக்கொடி வந்தால் அவையளுக்கு அவமானம். அந்தக் கொடியைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும், பொய் சொல்லேல்ல. 2022 மார்ச்சுக்குப் பிறகு ரஷ்ய, பெலருஸ் ஆட்டக்காரர் கொடி இல்லாமல் ஆடினவை. ஆகவே கொடி இல்லாமலும் டெனிஸ் நடக்கும், நிர்வாகம் மனசு வைத்தால். ஆனால் அது 15 வயசுப் பிள்ளை தீர்க்கிற பிரச்சினை இல்லை. கண்டிசன் போட்ட காசு வேண்டாம் என்று நான் சொன்னன். தங்கச்சி அழுதாள். 'உனக்கு அரசியல், எனக்கு ரக்கெட்' எண்டாள். அம்மா ஒண்டும் கதைக்கேல்ல.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கு. அதனால்தான் இந்தக் கடிதம். ஒரு நட்சத்திரத்தை உருவாக்கக் காசு சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. குடியுரிமைப் பிரசாரத்தில் நாங்கள் இதுவரை பெரியவர்களின் வேலை, வரி, வதிவு பற்றித்தான் கதைத்தோம். 18க்கு முன்னால் பிள்ளைகள் இழக்கிறதை ஒரு துண்டறிக்கையிலும் எழுதவில்லை. அடுத்ததில் எழுதுவோம், நீச்சல், பந்து, ஓட்டம் எல்லாத்திலும் உள்ள பிள்ளைகளைக் கேட்டு. வுச்சீரியாவில் இரவுக்கு அத்தனை மேசைக்கு இடம் குடுக்கிற மாநகரசபையிடம், பகலில் ஒரு கோர்ட்டுக்கு இடம் கேட்போம். கண்டிசன் போடாமல் இரண்டு கப்பல் டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் காசு தர ஆட்கள் இருந்தால் அதையும் வாங்குவன், வெட்கப்படமாட்டன்.

பலெர்மோவில் இருக்கிற தோழர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாங்கோ. தங்கச்சி அந்தச் சுவரடியில் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கப் பழக்குறாள், வங்காளப் பிள்ளைகள்தான் கூட. சனிக்கிழமை இரவுக்குப் பிறகு கண்ணாடி கனக்கக் கிடக்கும். எங்களிட்ட இரண்டு தும்புத்தடிதான் இருக்கு.